நிலமானிய முறை: ஒரே பெயரில் இரண்டு பிணைப்புகள்

பள்ளிப் பாடநூலில் நிலமானிய முறை என்றதும் ஒரு முக்கோணப் படம் வரும். உச்சியில் மன்னர், அடுத்து பிரபுக்கள், அதற்குக் கீழே குதிரைவீரர்கள், அடியில் உழவர்கள். மேடைப் பேச்சில் இதுவே 'நிலப்பிரபுத்துவம்' ஆகி, பழமை, சாதி ஆதிக்கம், பண்ணையார் கொடுமை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. படத்தை மனப்பாடம் செய்தவருக்கும் சில கேள்விகள் மிச்சமிருக்கும். அந்த உழவர் யாருக்கு எதைக் கொடுத்தார்? எவ்வளவு? கொடுக்க மறுத்தால் என்ன ஆகும்? மன்னருக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு ஏதும் இருந்ததா?

படம் குழப்புவதற்குக் காரணம், தன்மையில் முற்றிலும் வேறான இரண்டு பிணைப்புகளை அது ஒரே கோட்டில் வரைந்துவிடுகிறது. மேலே இருப்பது ஆயுதம் ஏந்தியவர்களுக்கு இடையேயான ஒப்பந்தம். இருவரும் சத்தியம் செய்வார்கள், இருவருக்கும் கடமை உண்டு. கீழே இருப்பது பிறப்பால் வந்து சேர்வது. அதில் உழவரின் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் அந்தச் சமூகம் நடந்த விதம் புரியும்.

ஐரோப்பா முழுவதும் ஒரே சட்டம் இருந்ததில்லை. அன்று வாழ்ந்தவர்கள் தங்கள் வாழ்க்கைக்கு இப்படி ஒரு பெயரும் வைத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெயர் பல நூற்றாண்டுகள் கழித்துச் சட்ட அறிஞர்கள் வைத்தது. 1974இல் எலிசபெத் பிரவுன் என்ற வரலாற்றாசிரியர் இந்தச் சொல்லையே கைவிட வேண்டும் என்று வாதிட்டார். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரு நாட்டைப் பிடித்துக்கொண்டு பேசுவது நல்லது. ஆவணங்கள் மிகுந்திருப்பதால் இங்கே 1066க்குப் பிந்தைய இங்கிலாந்தே அடிப்படை.

மேல் பிணைப்பு: கைகூப்பி வாங்கிய நிலம்

நார்மண்டியின் கோமகன் வில்லியம் 1066இல் இங்கிலாந்தை வென்றதும், நாட்டின் நிலம் முழுதும் தனக்கே உரியது என்ற கொள்கையை நிறுவினார். மற்ற யாருக்கும் நிலம் 'சொந்தம்' கிடையாது. மன்னரிடமிருந்தோ, மன்னரிடம் பெற்ற இன்னொருவரிடமிருந்தோ 'பெற்று வைத்திருக்கலாம்', அவ்வளவுதான். 1086இல் எடுத்த டூம்ஸ்டே நிலக்கணக்கின்படி, நிலமதிப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மன்னர் குடும்பத்திடமும், கால்பங்கு திருச்சபையிடமும், பாதிக்குச் சற்று மேல் ஏறக்குறைய 200 பிரபுக்களிடமும் இருந்தது.

நிலம் பெறும் சடங்கு எப்படி நடந்தது? 1127 ஏப்ரலில் ஃபிளாண்டர்ஸ் நாட்டின் புரூஜ் நகரில், புதிதாகப் பதவியேற்ற கோமகனின் முன் நடந்ததை கால்பெர் என்ற எழுத்தர் படிப்படியாகக் குறித்து வைத்திருக்கிறார்.

1. "முழுமையாக என் ஆளாக இருக்கச் சம்மதமா?" என்று கோமகன் கேட்பார். வந்தவர் "சம்மதம்" என்பார்.
2. வந்தவர் கூப்பிய கைகளைக் கோமகன் தம் இரு கைகளுக்குள் அடக்கிக்கொள்வார். பிறகு முத்தம். இதற்கு 'ஹோமேஜ்' என்று பெயர். ஒருவர் இன்னொருவரின் ஆள் ஆவது.
3. விசுவாசமாக இருப்பேன் என்று வாக்குக் கொடுத்து, புனிதர்களின் திருப்பண்டங்கள் மீது சத்தியம் செய்வார்.
4. கோமகன் கையிலிருக்கும் சிறு கோலை நீட்டி மானியத்தை ஒப்படைப்பார்.

இந்தக் கோலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உழவரின் கதையிலும் அது வரும்.

இப்படி நிலம் பெற்றவரை மானியதாரர் என்போம். அவர் கொடுக்க வேண்டியவை கறாரானவை.

போர்ச்சேவை: ஆண்டுக்கு 40 நாள், குறிப்பிட்ட எண்ணிக்கையில் குதிரைவீரர்கள். செலவு மானியதாரருடையது. துறவிகளுக்குக்கூட விலக்கு இல்லை. பீட்டர்பரோ மடம் 60 வீரர்களையும், பரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடம் 40 வீரர்களையும் தர வேண்டியிருந்தது. ஜெபம் செய்பவர்கள் வாளேந்த முடியாதே? ஆகவே மடம் தன் நிலத்தில் ஒரு பகுதியை வீரர்களுக்கு உள்மானியமாகப் பிரித்துக் கொடுத்தது.

உதவிப் பணம்: பிரபு சிறைப்பட்டால் மீட்கவும், அவர் மூத்த மகனுக்கு வீரப்பட்டம் கட்டவும், மூத்த மகளின் முதல் திருமணத்துக்கும்.

வாரிசுப் பணம்: மானியதாரர் இறந்தால் மகன் பணம் கட்டித்தான் நிலத்தை எடுக்க முடியும். மன்னர்கள் வாய்க்கு வந்த தொகையைக் கேட்டார்கள். 1215இல், மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மேக்னா கார்ட்டா சாசனம் அதற்கு உச்சவரம்பு வைத்தது: பெரும்பிரபுவின் வாரிசுக்கு 100 பவுண்டு, ஒரு வீரமானியத்துக்கு (ஒரு குதிரைவீரரைத் தரும் கடமையோடு பெற்ற நிலம்) 100 ஷில்லிங்.

வாரிசு சிறுவயதில் இருந்தால் நிலத்தின் வருமானம் முழுவதும் பிரபுவுக்கு. அந்தப் பிள்ளையின் திருமணத்தை முடிவு செய்யும் உரிமையும் அவருக்கே. அந்த உரிமையைப் பிறருக்கு விற்கவும் செய்தார்கள்.

பதிலுக்குப் பிரபு நிலத்தில் பாதுகாப்பு, தன் அவையில் நியாயமான விசாரணை, எதிரி வந்தால் துணை ஆகியவற்றைத் தர வேண்டும். தவறினால் சத்தியம் முறிந்ததாக அறிவித்து மானியதாரர் விலகலாம். மேக்னா கார்ட்டாவுக்கு முன் இங்கிலாந்துப் பிரபுக்கள் ஜான் மன்னருக்கு எதிராகச் செய்தது அதைத்தான்.

மேல் பிணைப்பு எங்கே பழுதானது?

1. நாற்பது நாளில் போர் முடியாது. கோட்டை முற்றுகைக்கு மாதக்கணக்கில் ஆகும். ஆகவே ஆளுக்குப் பதில் பணம் வாங்கும் வழக்கம் வளர்ந்தது. 'கேடயப் பணம்' என்று பொருள்படும் ஸ்கூட்டேஜ். 1159இல் ஒரு வீரமானியத்துக்கு 2 மார்க் வசூலித்தார்கள். ஒரு மார்க் 160 பென்னி, இரண்டு மார்க் 320 பென்னி. கூலிவீரரின் அன்றைய நாள்கூலி 8 பென்னி. எட்டை நாற்பதால் பெருக்கிப் பாருங்கள். நாற்பது நாளைக்கு ஒரு மாற்றுவீரரை அமர்த்தும் செலவு அப்படியே வரியாகியிருக்கிறது. சத்தியமாகத் தொடங்கிய உறவு கட்டணமாக மாறும் இடம் இது.

2. ஒருவர் பல பிரபுக்களிடம் நிலம் பெறலாம். இரண்டு பிரபுக்களும் மோதினால் யார் பக்கம் நிற்பது? 'முதன்மைப் பிரபு' என்று ஒருவரைக் குறிக்கும் வழக்கம் வந்தது. பிறகு அதுவும் ஒன்றுக்கு மேற்பட்டவரிடம் செய்யப்பட்டது. 1086இல் வில்லியம் சால்ஸ்பரியில் முக்கிய நிலக்காரர்களை எல்லாம் வரவழைத்து, அவரவர் யாரிடம் நிலம் பெற்றிருந்தாலும் விசுவாசம் முதலில் மன்னருக்கே என்று சத்தியம் வாங்கியது இதனால்தான்.

3. முக்கோணத்தின் உச்சியே நிலையாக இல்லை. அதே வில்லியம் இங்கிலாந்தில் மன்னர். நார்மண்டியின் கோமகன் என்ற வகையில் பிரெஞ்சு மன்னரின் மானியதாரர். பின்வந்த இங்கிலாந்து மன்னர்களுக்கும் இந்தச் சிக்கல் தொடர்ந்தது. 1259 ஒப்பந்தப்படி மூன்றாம் ஹென்றி, காஸ்கனி நிலத்துக்காகப் பிரெஞ்சு மன்னர் முன் கைகூப்பினார். 1337இல் பிரெஞ்சு மன்னர் அந்த மானியத்தைப் பறிமுதல் செய்ததாக அறிவித்தார். நூறாண்டுப் போர் தொடங்கியது.

4. உள்மானியம், அதற்குள் உள்மானியம் என்று பிரிந்துகொண்டே போனதால் வாரிசுப் பணமும் பிற வருமானமும் மேலே வந்து சேரவில்லை. 1290இல் ஒரு சட்டம் புதிய உள்மானியங்களை நிறுத்தியது. நிலத்தை விற்றால், வாங்குபவர் விற்றவரின் பிரபுவுக்கே நேரடி மானியதாரர் ஆவார்.

கீழ்ப் பிணைப்பு: மேனர்

மேலே சொன்ன குதிரை, கவசம், மடம், கோட்டை அனைத்துக்கும் சோறு போட்டது மேனர் என்ற அலகு. பல இடங்களில் ஒரு மேனர் என்பது ஓர் ஊர். சில ஊர்களில் இரண்டு மூன்று மேனர்கள். சில மேனர்கள் பல ஊர்களில் பரவிக் கிடக்கும்.

நிலம் இரண்டு வகை. பிரபுவின் சொந்தக் கணக்கில் பயிராவது பண்ணைநிலம். மற்றது உழவர்களிடம் இருப்பது. புல்வெளி, மேய்ச்சல், காடு ஆகியவற்றில் யார் எத்தனை மாடு விடலாம், எவ்வளவு விறகு எடுக்கலாம் என்று வழக்கம் வரையறுத்திருக்கும்.

நாம் இன்றும் பத்திரத்தில் எழுதும் ஏக்கரும், பெரியவர்கள் தூரம் சொல்லும் பர்லாங்கும் இந்த வயல்களில் பிறந்தவை. கனத்த களிமண்ணை உழ, மண்ணைப் புரட்டும் பலகை பொருத்திய பெரிய கலப்பை வேண்டும். ஆவணங்கள் ஒரு கலப்பைக்கு எட்டு எருது என்று கணக்கிடுகின்றன. அவ்வளவு நீளமான எருதுப் பூட்டைத் திருப்புவது பெரும்பாடு. ஆகவே சால் நீளமாகப் போகும். ஒரு சாலின் நீளம் 220 கெஜம், அதுவே பர்லாங். அந்த நீளத்தில் 22 கெஜ அகலம் ஓர் ஏக்கர். ஏக்கர் என்றால் ஒரு நாள் உழவு என்பது தோராய அளவு. எட்டு எருது வைத்திருக்கும் உழவர் அபூர்வம். இரண்டு, மூன்று பேர் சேர்ந்தே ஏர் பூட்ட முடியும். கூட்டாக உழ வேண்டியிருந்ததால், எப்போது உழுவது, எதை விதைப்பது, எப்போது மாடு விடுவது என்பதெல்லாம் ஊர் முடிவு.

பல ஊர்களில் வயல் மூன்று பெரும் பிரிவாக இருந்தது. ஒன்றில் இலையுதிர்காலத்தில் விதைக்கும் கோதுமை அல்லது ரை, இன்னொன்றில் வசந்தத்தில் விதைக்கும் பார்லி, ஓட்ஸ், பட்டாணி, மூன்றாவது தரிசு. அடுத்த ஆண்டு சுழற்சி மாறும். முழுப் பங்கு உழவருக்குத் தோராயமாக 30 ஏக்கர், பாதிப் பங்குக்காரருக்கு 15. அதுவும் ஒரே இடத்தில் இல்லை; அரை ஏக்கர், ஒரு ஏக்கர்த் துண்டுகளாக மூன்று வயலிலும் சிதறியிருக்கும். சில ஏக்கர் மட்டுமே உள்ள குடிசைவாசிகள் கூலிக்கும் போவார்கள்.

வில்லெயின் என்பவர் யார்?

பிறப்பால் மேனரோடு கட்டப்பட்ட உழவரை இங்கிலாந்தில் வில்லெயின் என்றார்கள். நம் சினிமாவின் 'வில்லன்' இதே சொல்லின் மறுவடிவம். பண்ணையில் உழைப்பவர் என்ற பொருள், மேல்தட்டினர் வாயில் இழிந்தவன், கெட்டவன் என்று திரிந்து இன்று நம்மிடமும் வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு வர்க்கத்தின் வெறுப்பு ஒரு சொல்லுக்குள் இத்தனை நூற்றாண்டு உயிரோடிருப்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

தமிழில் 'பண்ணையடிமை' என்று மொழிபெயர்க்கிறோம். அடிமை என்பது சரியாகப் பொருந்தாது. டூம்ஸ்டே கணக்கில் உண்மையான அடிமைகள், வாங்கி விற்கப்பட்டவர்கள், ஏறத்தாழ 28,000 பேர் தனியே பதிவாகியிருக்கிறார்கள்; அடுத்த சில பத்தாண்டுகளில் அந்தப் பிரிவு மறைந்தது. வில்லெயினுக்கு நிலம் உண்டு, வீடு, மாடு, கருவி உண்டு, மகனுக்கு அவை போய்ச் சேரும். இந்த வகையில் நம் ஊர்ப் பண்ணையாளிலிருந்தும் அவர் வேறுபட்டவர். ஆனால் பிரபுவின் அனுமதியின்றி ஊரைவிட்டுப் போக முடியாது. நிலத்தகராறில் பிரபுவுக்கு எதிராக அரசு நீதிமன்றம் ஏற முடியாது. அவர் மீது இருந்த சுமைகள் மேனருக்கு மேனர் வேறுபட்டாலும் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான்.

1. வாரவேலை: வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள் பண்ணைநிலத்தில். இது குடும்பத்தின் கடன். மகனையோ கூலியாளையோ அனுப்பலாம்.
2. அறுவடை வேலை: தன் கதிரும் சாயும் அதே வாரத்தில் பண்ணைக்கு ஓட வேண்டும். பெரும்பாலும் சாப்பாடு பண்ணை போடும்.
3. ஹெரியட்: உழவர் இறந்தால் வீட்டிலுள்ள சிறந்த கால்நடை பிரபுவுக்கு. அடுத்த சிறந்ததைப் பல ஊர்களில் பங்குக்கோயில் எடுத்துக்கொண்டது. குடும்பத் தலைவரும் இரண்டு மாடும் ஒரே நேரத்தில் போன வீடு அடுத்த உழவுக்கு என்ன செய்யும்?
4. நுழைவுப் பணம்: நிலத்தை எடுக்க வாரிசு கட்டுவது.
5. மெர்ச்செட்: மகளைக் கட்டிக்கொடுக்க அனுமதிக் கட்டணம். முதலிரவு உரிமை பிரபுவுக்கு இருந்தது என்று பரவலாகச் சொல்வதற்கு ஆதாரம் கிடையாது. இந்தக் கட்டணத்துக்கு மேனர் ஏடுகளில் சான்று ஏராளம்.
6. டாலேஜ்: பிரபு விதிக்கும் வரி.
7. வெளியூர்ப் பணம்: அனுமதி வாங்கி வெளியூரில் வாழ்ந்தால் ஆண்டுதோறும் கட்டுவது. சாசனம் பெற்ற நகரங்கள் பலவற்றில் ஓராண்டும் ஒரு நாளும் பிடிபடாமல் தங்கிவிட்டால் விடுதலை.

இவை தவிரத் திருச்சபைக்குத் தசமபாகம். பத்தில் ஒரு கதிர்க்கட்டு, வயலிலேயே எடுக்கப்படும்.

பதினைந்து ஏக்கரின் கணக்கு

இத்தனையும் போய் மிஞ்சியது என்ன? பாதிப் பங்குக்காரர் ஒருவரை வைத்து, அக்கால அளவுகளில் கணக்குப் போடலாம். 15 ஏக்கரில் 5 தரிசு, 5 கோதுமை, 5 பார்லியும் ஓட்ஸும். ஏக்கருக்கு இரண்டரை புஷல் விதை. சுமாரான ஆண்டில் விதையைப் போல நான்கு மடங்கு, அதாவது 10 புஷல் விளைச்சல். ஒரு புஷல் கோதுமை 27 கிலோ. ஏக்கருக்கு 270 கிலோ. இன்று அதே மண்ணில் மூன்று டன் எடுக்கிறார்கள்.

கோதுமை மொத்தம் 50 புஷல். தசமபாகம் 5. அடுத்த ஆண்டு விதை 12.5. மீதி 32.5. ஆலையில் இருபதில் ஒரு பங்கு எடுத்தால் சுமார் 31 புஷல், ஏறத்தாழ 835 கிலோ. ஐந்து பேர் குடும்பத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 450 கிராம். வசந்தப் பயிரிலிருந்து கூழும், ஏல் என்ற பார்லி மதுவும், கால்நடைத் தீனியும், கட்டணங்களுக்கான காசும் வர வேண்டும்.

விளைச்சல் 30 சதவீதம் குறைந்தால்? மொத்தம் 35. தசமபாகம் 3.5. விதை குறையாது, அதே 12.5. மீதி 19, ஆலை போக 18 புஷல். ஆளுக்கு 270 கிராம் கூட வராது. விளைச்சல் 30 சதவீதம் விழுந்ததற்கு உணவு 40 சதவீதத்துக்கு மேல் விழுகிறது. விதையைத் தின்றால் அடுத்த ஆண்டு வயல் வெறுமை. 1315இல் தொடங்கித் தொடர்ந்து பெய்த மழை வடமேற்கு ஐரோப்பாவில் இரண்டு மூன்று அறுவடைகளை அழித்தபோது பஞ்சம் அவ்வளவு கொடியதாக இருந்ததற்கு இந்தக் கணக்கே விளக்கம்.

மேனர் நீதிமன்றமும் ஆலையும்

இதையெல்லாம் வாளைக் காட்டித்தான் வாங்கினார்களா? அன்றாடத்தில் வாங்கித் தந்தது ஏடு. சில வாரங்களுக்கு ஒருமுறை மேனர் நீதிமன்றம் கூடும். பிரபுவின் நிர்வாகியான ஸ்டூவர்ட் தலைமை தாங்குவார், எழுத்தர் லத்தீனில் சுருளேட்டில் பதிவார். வேலைக்கு வராதவர், பக்கத்து வயல் துண்டுக்குள் ஒரு அடி தள்ளி உழுதவர், மாட்டைப் பயிரில் விட்டவர், ஏல் காய்ச்சி விற்ற பெண் ஆகியோருக்கு இரண்டு, மூன்று பென்னி அபராதம். வழக்கம் எது என்று சொல்வது ஊர் உழவர்களின் நடுவர் குழு. வேலை வாங்குபவரான ரீவும் வில்லெயின்களில் ஒருவரே. மிக்கேல் திருநாளான செப்டம்பர் 29இல் பண்ணைக் கணக்கை அவர் ஒப்படைக்க வேண்டும், குறைந்தால் அவர் கையிலிருந்து.

'வழக்கம்' என்ற சொல்லின் பலம் இங்கே இருக்கிறது. வாரத்துக்கு மூன்று நாள் என்று ஏட்டில் இருந்தால் உழவர் தப்ப முடியாது. அதே ஏடு இருப்பதால் பிரபு நான்காவது நாளைக் கேட்கவும் முடியாது. அதனால் இரு தரப்பும் ஏட்டின் மீது கண் வைத்திருந்தது.

ஆலை இன்னொரு பிடி. தானியத்தைப் பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும். வீட்டுத் திருகைக் கல் குற்றம். செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தின் மடாதிபதி 1331இல் ஊராரின் திருகைக் கற்களைப் பறிமுதல் செய்து மடத்தின் தரையில் பதித்துவிட்டார். ஐம்பது ஆண்டு கழித்து, 1381 கிளர்ச்சியில், ஊர்மக்கள் உள்ளே புகுந்து அந்தத் தரையைப் பெயர்த்தெடுத்துத் துண்டுகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டார்கள்.

ஏன் சிதைந்தது?

நிலம் குறைவு, ஆட்கள் அதிகம் என்ற நிலை இருக்கும்வரை பிரபுவின் கை ஓங்கியிருந்தது. 1300 அளவில் இங்கிலாந்தில் அதுவே நிலை. 1348 கோடையில் கறுப்புச் சாவு என்ற கொள்ளைநோய் தென்கரையில் இறங்கியது. மூன்றிலொரு பங்கு முதல் பாதி மக்கள்வரை மாண்டனர். நிலம் அப்படியே கிடந்தது, உழ ஆளில்லை. பக்கத்து மேனர் பிரபு கேள்வி கேட்காமல் ஓடிவந்தவருக்கு நிலம் கொடுத்தார்.

அரசு சட்டம் போட்டது. 1351 தொழிலாளர் சட்டம் கூலியை நோய்க்கு முந்தைய அளவில் நிறுத்தியது: ஆகஸ்ட் முதல் வாரம் கதிர் அறுப்பவருக்கு நாளுக்கு 2 பென்னி, அடுத்த வாரம் 3 பென்னி. பிரபுக்களே அறுவடை நேரத்தில் அதைமீறிக் கொடுத்தார்கள். பிறகு 15 வயது கடந்தவர் தலைக்கு 12 பென்னி வரி வந்தது. 1381 ஜூனில் எசெக்ஸ், கென்ட் உழவர்கள் லண்டனுக்குள் வந்தனர். பல மேனர்களில் அவர்கள் முதலில் தேடி எரித்தது நீதிமன்ற ஏடுகளை. ஜூன் 14 அன்று லண்டனை அடுத்த மைல் எண்டில் 14 வயது மன்னர் இரண்டாம் ரிச்சர்ட் வில்லெயின் நிலையை ஒழிப்பதாக வாக்களித்தார். உழவர்கள் கேட்டிருந்த நிலவாடகை ஏக்கருக்கு 4 பென்னி. மறுநாள் கிளர்ச்சித் தலைவர் வாட் டைலர் கொல்லப்பட்டார். ஜூலை 2 அன்று வாக்குறுதி ரத்து.

கிளர்ச்சி தோற்றது, ஆனால் ஆள் பற்றாக்குறை நீடித்தது. பண்ணைநிலத்தைக் கட்டாய வேலையால் நடத்த முடியாமல் பிரபுக்கள் குத்தகைக்கு விட்டார்கள். வேலை காசானது.

ஆள் பற்றாக்குறை வந்தால் உழவர் தானாக விடுதலை பெறுவார் என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. ஜெர்மனியின் எல்பே ஆற்றுக்குக் கிழக்கே ஆள் குறைவாக இருந்ததையே காரணமாக்கி, 15ஆம் நூற்றாண்டு தொடங்கிப் பிரபுக்கள் உழவர்களை மேலும் இறுக்கிக் கட்டினார்கள். மேற்கே தானியம் ஏற்றுமதி செய்து லாபம் பார்த்தார்கள். 1649 ரஷ்யச் சட்டம், ஓடிப்போன உழவரை எத்தனை ஆண்டு கழித்தும் பிடிக்கலாம் என்றது. அங்கே விடுதலை 1861இல். பற்றாக்குறை பேரம் பேசும் வாய்ப்பை உண்டாக்குகிறது. ஓடிவந்தவரைப் பிடித்துக் கொடுக்கப் பிரபுக்களும் அரசும் கைகோத்தால் அந்த வாய்ப்பு மூடிவிடுகிறது. இங்கிலாந்துப் பிரபுக்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் ஆளைக் கவர்ந்தார்கள், அங்கே திருப்பி ஒப்படைத்தார்கள். வித்தியாசத்தின் பெரும்பகுதி இதில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

ஏட்டின் நகல்

இங்கிலாந்தில் மேல் பிணைப்பு 1660 சட்டத்தோடு முடிந்தது. போர்ச்சேவை மானியங்களும் சிறார் காப்புரிமையும் ஒழிந்தன. கீழ்ப் பிணைப்பின் ஒரு இழை அதற்குப் பிறகும் நீண்டது. வில்லெயின் நிலை மறைந்தாலும் அந்த நிலங்கள் மேனர் ஏட்டிலேயே இருந்தன. நீதிமன்ற ஏட்டிலிருந்து எடுத்துக் கொடுத்த நகலே உழவரின் பத்திரம். 'நகல் நிலவுரிமை' என்று பொருள்படும் காப்பிஹோல்ட் என்ற பெயரே அதனால் வந்தது. கைமாற்றும்போது விற்பவர் ஒரு கோலை ஸ்டூவர்ட்டிடம் ஒப்படைப்பார், ஸ்டூவர்ட் அதை வாங்குபவரிடம் நீட்டுவார். புரூஜில் பிரபுக்களுக்கு நீட்டிய அதே வகைக் கோல். அந்த உரிமைமுறை சட்டப்படி முடிவுக்கு வந்த நாள் 1926 ஜனவரி 1.